ஏழு நாளுக்கு ஏழு சமையல் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த வார இரவுச் சாப்பாட்டு அட்டவணையைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, மூன்று வாரம் அதன்படியே சமைத்துப் பார்த்தேன். மனைவிக்கு மாலை ஷிப்ட் என்பதால் எங்கள் வீட்டில் இரவு அடுப்பு என் பொறுப்பு. ஒரு வாரமும் புதன்கிழமையைத் தாண்டவில்லை.

சமையல் குறிப்புகளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லா நாளும் ஒரே மாதிரியா விடிகிறது? செவ்வாய்க்கிழமை மகள் நீச்சல் வகுப்பு முடிந்து ஏழரைக்கு ஈரத் தலையோடு வந்து, பையைக்கூட இறக்காமல் சட்டியைத் திறந்து பார்ப்பாள். அன்றைக்குப் பார்த்து ஒரு மணி நேரச் சமையலைப் போட்டிருக்கிறீர்கள். புதன்கிழமை ராஜ்மா. அதை முந்தின இரவே ஊறப்போட வேண்டும் என்று ஒரு வரி இல்லை. ஊறாததை அவசரத்தில் அரைவேக்காடாக இறக்கி, ராத்திரி முழுக்க நானும் மகனும் வாந்தி எடுத்தோம். ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற நச்சு, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட்டால்தான் முறியும் என்பது பட்ட பிறகுதான் தெரிந்தது.

இப்போது நானே அட்டவணை போடுகிறேன். சனிக்கிழமை காலை முதல் வேலை, ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே இருப்பதை எழுதுவது. வாடுகிற கீரையும் காளானும் முதல் இரண்டு நாளுக்கு. முட்டைக்கோஸும் கேரட்டும் வாரக் கடைசி வரை தாங்கும். அடுத்து, எந்த நாளில் யார் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்கள் என்ற கணக்கு. என்ன சமையல் என்பது அதற்கப்புறம்தான், அதுவும் நாலே நாலு. ஒரு நாள் மிச்சம் மீதி, ஒரு நாள் மகன் விருப்பம் (வாரம் தவறாமல் நூடுல்ஸ் என்றே எழுதுகிறான்), ஒரு நாள் காலி. அந்தக் காலி நாள்தான் மற்ற ஆறையும் காப்பாற்றுகிறது. யாருக்காவது காய்ச்சல் வரும், இல்லை விருந்தாளி வருவார்.

மிச்சம் என்றதும் நினைவுக்கு வருகிறது: ஞாயிறு சமைத்த கோழிக் குழம்பை வெள்ளிக்கிழமை சூடுபண்ணச் சொல்லியிருந்தீர்கள். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தாலும், 4 டிகிரிக் குளிரில் மூன்று, நான்கு நாள்தான் கணக்கு. வெள்ளிக்கிழமைக்கு வேண்டுமென்றால் ஞாயிறே ஃபிரீஸருக்குள் போயிருக்க வேண்டும். சோறு இன்னும் மோசம். அதில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் வெந்தாலும் சாவதில்லை, வெளியே ஆறிக்கிடந்தால் பெருகிவிடும்.

2022ஆம் ஆண்டில் உலகம் முழுக்க வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை. என் பங்கு, அந்த மூன்று வாரத்தில் பிரிக்காமலே அழுகிய இரண்டு கீரைக்கட்டுகள்.

அடுத்த முறை அட்டவணை வெளியிடும்போது, சமையலின் பெயருக்கான கட்டத்தை எங்களுக்கே விட்டுவிடுங்கள். 'யார் எப்போது வருவார்', 'முந்தின இரவு செய்ய வேண்டியது' என்று இரண்டு கட்டங்கள் மட்டும் சேர்த்து அச்சடித்தால் போதும்.

இப்படிக்கு,
இரவுச் சமையல் பொறுப்பில் இருக்கும் ஒரு தகப்பன்