முதுகு படுத்த சீசனில் நாய்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு நன்றி

அன்பு உள்ளங்களுக்கு வணக்கம்.

வேட்டை சீசன் தொடங்கிய இரண்டாம் வாரம் எனக்குக் கீழ்முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் (மெத்தை போன்ற வட்டு) பிதுங்கி, வலி இடது கால்வரை இறங்கியது. மீதி சீசன் முழுக்கத் துப்பாக்கியைத் தொடவில்லை. ஆனாலும் என் இரண்டு வேட்டை நாய்களும், பெரிய பாயிண்டரும் பதினான்கு மாதச் செட்டர் குட்டியும், ஒரு வாரம்கூடப் பழக்கம் விட்டுப் போகவில்லை. இரண்டும் பறவையை மோப்பம் பிடித்ததும் பாயாமல் அசையாது நின்று காட்டும் ஜாதி. யார் யார் என்னென்ன செய்தீர்கள் என்பதை ஊரறியச் சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி, நாய்களை வயலுக்குக் கூட்டிப்போன அண்ணனுக்கு. பழகி முடிக்காத குட்டியை இன்னொருவர் கையில் கொடுப்பது லேசான காரியம் இல்லை. ஒரே விசிலை இரண்டு பேர் இரண்டு விதமாக ஊதினாலே மாதக்கணக்கில் பழக்கியது கலைந்துவிடும். அண்ணன் முதல் நாளே உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொண்டார்: நீளமாக ஒன்று ஊதினால் நிற்க வேண்டும், குட்டையாக இரண்டு ஊதினால் திரும்ப வேண்டும். வாயால் சொல்லும் 'நில்' ஒரே முறைதான். இரண்டாம் முறை சொன்னால், முதல் முறை கேட்கத் தேவையில்லை என்று நாய் புரிந்துகொள்ளும்.

குட்டி மோப்பத்தில் உறைந்து நிற்கும்போது ஒரு முன்கால் மடங்கியிருக்கும், வால் விறைத்திருக்கும், மூக்குத் துவாரம் மட்டும் அசையும். அந்த நேரம் அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து நேராக நடந்து வந்தால், ஆள் முந்திவிடுவார் என்று நாய் ஊர்ந்து முன்னேறும். அண்ணன் ஒவ்வொரு முறையும் அகலமாகச் சுற்றி, நாயின் கண்ணில் படும்படி பக்கவாட்டில் வந்து, தானே பறவையைக் கிளப்பினார்.

அதைவிடப் பெரிய உதவி, அவர் சுடாமல் விட்ட கௌதாரிகள். குட்டி பொறுக்காமல் பாய்ந்து கிளப்பிய பறவை எவ்வளவு அருகில் பறந்தாலும் சுடக்கூடாது. சுட்டு அது விழுந்துவிட்டால், பாய்ந்தால்தான் பறவை கிடைக்கும் என்ற பாடம் மனதில் பதிந்துவிடும். அதை அழிக்க இன்னொரு சீசன் வேண்டும். சொந்த நாயாக இருந்தாலே விசையில் இருக்கும் விரலை அடக்குவது கஷ்டம். அடுத்தவர் நாய்க்காக வெறும் பையோடு வீடு திரும்பியவருக்கு எப்படி நன்றி சொல்வது!

வேட்டை இல்லாத நாட்களில் சைக்கிளோடு நாய்களை ஓட்டிய தம்பிக்கும் கடன்பட்டிருக்கிறேன். கழுத்துப் பட்டையில் கட்டாமல் மார்பு வாரில் கட்டி, முதல் வாரம் 15 நிமிடம், பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, 30 நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டார். தார் ரோட்டில் பாதம் தேயும் என்பதால் மண்பாதைதான். ஓடி முடித்து மூச்சு அடங்கி ஒரு மணி நேரம் கழித்தே சாப்பாடு வைத்தார். நெஞ்சு ஆழமான இந்த ஜாதி நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அது உயிருக்கே உலை வைக்கும்.

குனிய முடியாதவனால் செய்யவே முடியாத வேலையை அக்கா ஏற்றுக்கொண்டார். தினமும் மாலையில் நாயை மேசையில் நிறுத்தி, விரல் இடுக்கு, அக்குள், காது, கண்ணிமை என்று புல்லின் முள்கதிர் ஒட்டியிருக்கிறதா என விரலால் தடவிப் பார்த்தார். அந்தக் கதிருக்கு முன்னால் மட்டுமே போகத் தெரியும். தோலுக்குள் நுழைந்தால் திரும்பி வராது, உள்ளே போகப் போகச் சீழ் வைக்கும்.

வண்டிக் கூண்டுக்குச் சரிவுப் பலகை செய்து தந்த பக்கத்து வீட்டு ஆசாரிக்கும் நன்றி. 2 மீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம், மேலே ரப்பர் விரிப்பு, வழுக்காமல் இருக்கக் குறுக்குச் சட்டங்கள். 25 கிலோ நாயைக் கை நீட்டியபடி தூக்கினால் கீழ்முதுகில் விழும் பாரம் அதைப்போல் பல மடங்கு. பலகை வந்த நாளிலிருந்து யாரும் நாயைத் தூக்கவில்லை.

பிசியோதெரபி டாக்டர் அம்மாவுக்குத் தனி நன்றி. படுத்தே கிடக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை நடக்க வேண்டும் என்றார். இரவில் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும் என்பதால், எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியவே விடவில்லை. வலி கெண்டைக்காலை விட்டுப் புட்டத்துக்கும் முதுகுக்கும் ஏறினால் அது நல்ல அறிகுறி என்று விளக்கினார். தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ, பாதம் தூக்க வராவிட்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று வீட்டார் எல்லோருக்கும் சொல்லி வைத்தார்.

அவர் கற்றுத்தந்ததில் ஒன்று 'பேர்ட் டாக்' (பறவை வேட்டை நாய்) பயிற்சி. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகளில் அதுவும் ஒன்று. கையும் முழங்காலும் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் நீட்டி 10 நொடி, பிறகு மாற்றி. ஒவ்வொரு பக்கமும் 6 தடவை, அடுத்த சுற்றில் 4, அதற்கடுத்து 2. காலை இடுப்பு மட்டத்துக்கு மேல் தூக்கினால் முதுகு குழிந்து பயிற்சியே வீணாகும். பாயிண்டர் நிற்கும் நிலைதான் அந்தப் பெயருக்குக் காரணம். மூன்று பாதத்தில் முதுகு அசையாமல் நிற்பது எப்படி என்று அந்த நாய்களைத் தினமும் பார்ப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வலி மாத்திரை மயக்கம் இருக்கும்வரை துப்பாக்கி பெட்டிக்குள்ளேயே பூட்டியிருக்கட்டும் என்று கண்டித்துச் சொன்ன டாக்டருக்கும், தோளில் தொங்கிய வேட்டைப் பையைக் கழித்து, பாரம் இடுப்பெலும்பில் உட்காரும்படி பட்டை வைத்து, தண்ணீரை இரண்டு பக்கமும் ஒவ்வொரு லிட்டராகப் பிரித்துத் தைத்துத் தந்த நண்பருக்கும் நன்றி.

அண்ணன் குட்டியின் குறிப்பேட்டை நேற்றுத் திருப்பித் தந்தார். நின்றது, பாய்ந்து கிளப்பியது, சுட்டது என்று மூன்று பத்தி கோடு போட்டிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் நடுப்பத்தி காலியாக இருக்கிறது.

என்றும் நன்றியுடன்,
இரண்டு நாய்களின் வீட்டிலிருந்து