சீமெந்து முற்றத்தில் ஒரு பாத்தி

அன்புள்ள மகனுக்கு,

சீமெந்து முற்றத்தில் மரக்கறிப் பாத்தி கட்டினதற்கு நீ போனில் ஏசினதை நான் மனதில் வைக்கவில்லை. ஆனால் போனில் உன்னோடு ஒரு கதையும் முழுசாகக் கதைக்க முடிவதில்லை. நான் மண் என்று தொடங்கினால் நீ முழங்கால் என்று முடிக்கிறாய். அதுதான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக இருந்து வாசி.

முற்றத்தை நான் உடைக்கவில்லை. நீ அனுப்பின காசில் போட்ட சீமெந்தில் ஒரு கீறலும் இல்லை. பாத்தி அதற்கு மேலே நிற்கிறது, அவ்வளவுதான். 2011 தை மாத வெள்ளத்தில் நான் வழுக்கி விழுந்ததை நீ மறக்கவே இல்லை, கையில் காசு சேர்ந்ததும் சீமெந்து போடச் சொன்னாய். சரி, போட்டோம். ஆனால் மனே, கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதத்தில் பகல் 12 மணிக்கு அதில் வெறுங்காலோடு ஒருக்கால் நின்று பார். இட்டிலிச் சட்டி மூடி மாதிரிக் கொதிக்கும். முன்பு அந்த இடத்தில் கத்தரியும் கொச்சிக்காயும் நின்றன.

பாத்தி கட்டக் கல் வாங்குவதற்கு முன்னம், இரண்டு வாளி தண்ணீரை முற்றத்தில் ஊற்றிப் பார்த்தேன். அது வடிகானுக்குப் போகவில்லை, நேரே குசினி வாசலுக்கு வந்தது. மாரியில் அங்கே ஏன் தண்ணீர் நிற்கிறது என்று அன்றுதான் பிடிபட்டது. சீமெந்து போட்டவருக்கு வாட்டம் வைக்கத் தெரியவில்லை. பேர் சொல்லமாட்டேன், நீயும் கேட்காதே. தண்ணீர் ஓடுகிற திசைக்குக் குறுக்கே பாத்தியைக் கட்டியிருந்தால் அணைக்கட்டு மாதிரி மறித்திருக்கும். ஆகவே ஓட்டத்தோடு நீளவாக்கில் வைத்தேன். மாமா வந்து, வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டினால் ஒரு பக்கக் கல் மிச்சம் என்றார். சுவர் ஈரம் குடிக்கும், கறையானுக்கும் வழி திறந்துவிடும் என்று சொன்னேன். அதோடு என் கை 2 அடிக்கு மேல் எட்டாது, இரண்டு பக்கமும் நின்றால்தான் நடுவைத் தொடலாம்.

வெளி அளவு 8 அடிக்கு 4 அடி. 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், 4 அங்குலத் தடிப்புள்ள கல். ஒரு வரிக்கு 17, இரண்டு வரிக்கு 34. ஸ்டூலைப் போட்டு இருந்தால் கை நேரே மண்ணில்தான், குனிகிற வேலையே இல்லை. நீ கவலைப்படுகிற முழங்காலுக்கு மணல் முற்றத்தை விட இது நல்லம்.

இனி என் பிழையைச் சொல்கிறேன், சிரிக்காதே. சாந்து வேண்டாம், வெறுமனே அடுக்கினால் பிறகு கழற்றலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். மண்ணைப் போட்டு நனைத்ததும் நீளப் பக்கம் வயிறு தள்ளிவிட்டது. மண்ணெல்லாம் திரும்ப வெளியே. அப்புறம்தான் மேசனைக் கூப்பிட்டுச் சாந்து வைத்தது. அவர் உள்ளேயும் பூசிவிடுவோம் என்றார். பூசினால் அது தண்ணீர்த் தொட்டி, பாத்தியில்லை. கீழ் வரியில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே அங்கங்கே ஒரு விரல் இடைவெளி விடச் சொல்லி, மண் ஓடாமல் உள்ளிருந்து தேங்காய்த் தும்பு அடைத்தேன்.

அடியில் சல்லிக்கல் போடவேண்டும் என்று ஊரே சொன்னது. நான் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டேன். மேலே இருக்கிற மண் நன்றாக ஊறி நிரம்பும் வரைக்கும் தண்ணீர் சல்லிக்குள் இறங்காதாம். அப்படியென்றால் சல்லி போட்ட உயரம் அவ்வளவும் வேருக்கு நட்டம்தானே. ஆகவே சல்லிக்குப் பதிலாகத் தேங்காய் மட்டையைக் குழிவான பக்கம் மேலே பார்க்க ஒரு வரிசை அடுக்கினேன். தென்னைக்கு நாங்கள் புதைக்கிறதும் அப்படித்தான். தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்லக் கொடுக்கும்.

மண்ணுக்கு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்குத்தான் சொல்லவேண்டி வந்தது. கடல் பக்கம் இருக்கிற எங்கள் எழுவான்கரை மணலில் ஊற்றின தண்ணீர் அடுத்த நிமிடம் காணாமல் போகும். பாத்தியின் உள்ளளவு ஏறத்தாழ 33 கன அடி, அதில் பாதிதான் மண். நானோ கணக்குப் பார்க்காமல் அரைக் கியூப் சொல்லிவிட்டேன், 50 கன அடி வந்து இறங்கியது. மிச்சத்தை அயல் முழுக்கப் பங்கு போட்டேன். மற்றப் பாதியில் கூட்டெரு, மக்கின சாணம், தும்புத்தூள், கருக்கின உமி. பச்சைச் சாணம் போட்டால் நாற்று எரியும். கூட்டெரு என் கைப்பட மக்க வைத்தது. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது வேறு வழியில்லாமல் பழகின வேலை, இப்போது உதவுகிறது.

முதல் நாற்று அவ்வளவும் செத்தது. இலை ஓரமெல்லாம் கருகி வந்தது, நான் கச்சானைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு தும்புத்தூளை நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு! வாவியில் ஊறப்போட்ட மட்டையில் எடுத்த தூள். மேல் மண்ணை நல்ல தண்ணீர் விட்டு விட்டுக் கழுவி, மிச்சத் தூளையும் மூன்று தரம் அலசிப் போட்ட பிறகு வைத்த நாற்றுதான் நீ படத்தில் பார்த்தது. சீமெந்துச் சூட்டுக்கு மேற்குப் பக்கம் கிடுகு சாத்தி, மண்ணுக்கு மேலே வைக்கோல் பரப்பியிருக்கிறேன். அப்படியும் ஆனி, ஆடியில் காலையும் மாலையும் தண்ணீர் விடவேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டு மச்சாளுக்கும் ஆசை வந்துவிட்டது, மேல்மாடித் தட்டில் இதே அளவில் கட்டப் போகிறாவாம். நனைந்தால் ஒரு தொன்னுக்கு மேலே பாரம், தரை தாங்கும், தட்டு தாங்குமென்று யார் சொன்னது என்று கேட்டேன். இப்போது சாக்கில் நட்டிருக்கிறா.

விளிம்பு வரை நிரப்பின மண் இந்தச் சில மாதத்தில் நாலு விரல் இறங்கிவிட்டது. மட்டையும் எருவும் மக்க மக்க இறங்கத்தானே செய்யும், ஒவ்வொரு போகத்துக்கும் மேலே கூட்டெரு போட்டால் சரி. இப்போது கத்தரி 6, கொச்சிக்காய் 4, ஓரத்தில் பொன்னாங்கண்ணி. புரட்டாதி முடியப் போகிறது, மழைக்கு முன்னம் வைக்கோலை ஒதுக்கி, அடைத்த தும்பை மாற்றி, தண்ணீர் போகிற வழியைத் துப்புரவாக்கவேண்டும். வேரடியில் தண்ணீர் நின்றால் கத்தரி வாடிவிடும்.

வாங்கினது 40 கல். இறக்கும்போது ஒன்று உடைந்தது, மிச்சம் 5 கிணற்றடியில் அடுக்கியிருக்கு. இரண்டாவது பாத்திக்கு இன்னும் 29 வேண்டும். காசு அனுப்பாதே, என்னிடம் இருக்கு. மண் அள்ள மாமாவின் பொடியன் வருவான், நான் ஸ்டூலில்தான் இருப்பேன்.

அம்மா
கல்லடி