செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஐந்து முறை கூடியது. மாதாந்திர ஓவிய வகுப்பு, அடைமழையில் நின்றுபோன இரண்டு மாதம் நீங்கலாக, ஒழுங்காக நடந்தது. பிள்ளைகளுக்கான கோடை முகாமும் வழக்கம்போல. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டு முழுக்க நம்மை ஆட்டிவைத்தது பிப்ரவரியில் நாகையில் நடத்திய அச்சோவியக் கண்காட்சிதான் (செதுக்கிய பரப்பில் மை தடவித் தாளில் ஒற்றியெடுக்கும் படம்தான் அச்சோவியம்). அதைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கை மாறிய ஊர் நாகை. பக்கத்தில் தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர்களிடம் இருந்தது. இந்தக் கதையைச் சொல்ல அச்சோவியம் எதற்கு, வண்ண ஓவியம் போதாதா என்று போன பொதுக்குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அச்சே இந்தக் கரையில் கப்பலில் வந்து இறங்கியதுதானே! 1706இல் தரங்கம்பாடி வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1713இல் அங்கே தமிழில் அச்சடிக்கத் தொடங்கினார். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை, காகிதத்தைத் தின்றன. அதனால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். சீமையிலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாவின் ஈயத்தை உருக்கினார்கள் என்றும் சொல்வதுண்டு. நம் எழுத்துக்கு அந்நியர் அச்சு வார்த்தது கொடையா, ஆதிக்கமா? திறப்பு நாளன்றே இந்த வாதம் கிளம்பி, டீ ஆறிப்போகும் வரை ஓடியது. எனக்கு இரண்டு பக்கமும் சரியாகவே பட்டது. தலைவருக்கு அப்படியில்லை.

ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். விளக்க அட்டையில் தரங்கம்பாடியை 'முதல் தமிழ் அச்சு' என்று எழுதிவிட்டோம். 1578இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது என்று பார்க்க வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சுட்டிக்காட்டினார். அட்டையை அன்றே மாற்றினோம்.

படங்களில் கூட்டம் நின்று பார்த்தது இரண்டை. ஒன்று, நாகையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் போய்வந்த ரஜூலா கப்பலின் லினோகட், அதாவது லினோலியத் தகட்டில் செதுக்கி எடுத்த அச்சு. மேல்தளத்துப் பயணிகள் ஒவ்வொருவரும் உளியின் ஒரே ஒரு கீறல். கிட்டப் போனால் கீறல், எட்ட நின்றால் ஜனக்கூட்டம். இன்னொன்று நம் இளைய உறுப்பினருடையது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச்சேர்ந்த ட்ரூரோ கப்பல் முதல் அடுத்தடுத்துப் போன கரும்புத்தோட்டக் கூலிகளின் பதிவேட்டை மாதிரியாக வைத்துச் செதுக்கியிருந்தார்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடல் அடையாளம். எழுத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும் என்பதை அவசரத்தில் மறந்துவிட்டார். அத்தனையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலம் மாறி விழுந்தன. லினோவைக் குப்பையில் போடப் போனவரை நான்தான் தடுத்தேன். டர்பன் போன முதலியார் அங்கே 'மூட்லி' ஆனார், முனுசாமி 'மூன்சாமி' ஆனார். எழுத்து புரண்டு கிடப்பது பொருத்தம்தான் என்று பட்டது. செதுக்கியவர் இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை, மறுபடி சரியாகச் செதுக்கிக்கொண்டிருக்கிறார்.

குறைகளும் உண்டு. கடற்காற்றின் ஈரத்தில் மை காய நான்கு நாள் பிடித்தது, தாள்கள் அப்பளம்போல் சுருண்டன. மண்டபத்தார் கல்யாணம் இருக்கிறது என்று ஒரு நாள் முன்னதாகவே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எல்லாவற்றையும்விட, நம்மிடம் அச்சு எந்திரம் கிடையாது. பெரும்பாலான படங்கள் எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்த்தே எடுத்தவை. பெரிய படத்தில் கை ஓய்ந்த இடத்தில் கறுப்பு வெளிறியிருப்பது தெரியும்.

மூடிக்கிடக்கும் அச்சகம் ஒன்றின் பழைய ட்ரெடில் (காலால் மிதித்து ஓட்டும்) அச்சு எந்திரம் எடைக்குப் போக இருக்கிறது. லினோவை ஈய எழுத்தின் உயரத்துக்குக் கட்டையில் ஒட்டிவிட்டால் சிறிய படங்களை அதிலேயே அடிக்கலாம். இம்மாதக் கடைசி வரை பொறுக்கச் சொல்லி உரிமையாளரிடம் பேசி வைத்திருக்கிறேன். அதை வாங்கும் தீர்மானம் இன்றைய நிகழ்ச்சிநிரலில் ஐந்தாவதாக உள்ளது. இவ்வறிக்கையை ஏற்றுக்கொண்டு, அதையும் நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்