போர்டை மாற்றுமுன் ஒரு துண்டு வயர்

ரட்லண்ட், வெர்மான்ட்
ஜனவரி

அன்புள்ள முரளிக்கு,

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. வாக்கர் வேண்டாம் என்று அடம்பிடிக்கிறார்களாமே, அவர்கள் என்றைக்கு யார் பேச்சைக் கேட்டார்கள்! இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் காலேஜுக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ராத்திரியில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறங்குகிறது. உங்கள் மெயின் மாநிலத்துப் பக்கம் இன்னும் மோசமாக இருக்கும்.

சரி, வீட்டைச் சூடாக்க மரத்தூள் குளிகைகளை எரிக்கும் உன் பெல்லட் ஸ்டவ் விஷயத்துக்கு வருகிறேன். தெர்மோஸ்டாட்டை ஏற்றி வைத்தாலும் சில நாள் பற்றுவதில்லை, சில நாள் ரூம் கொதித்தாலும் நிற்பதில்லை, பார்க்க வந்தவர் கண்ட்ரோல் போர்டு போய்விட்டது என்கிறார் என்று எழுதியிருக்கிறாய். போர்டு போகவே போகாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர் வோல்ட், ஓம் அளக்கும் மல்டிமீட்டரை வெளியே எடுக்கவே இல்லை என்கிறாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. போர்டுக்கு ஆர்டர் கொடுப்பதைக் கொஞ்சம் நிறுத்தி வை.

பெல்லட் ஸ்டவ்வுக்குத் தெர்மோஸ்டாட் என்பது சுவரில் இருக்கும் லைட் ஸ்விட்ச் மாதிரிதான். குளிரும்போது இரண்டு வயரையும் சேர்க்கும், சூடு போதும் என்றால் பிரிக்கும். பெல்லட்டைத் தள்ளிவிடும் ஆகர் திருகைச் சுற்றுவது, நெருப்புப் பற்றவைக்கும் இக்னைட்டரைப் பழுக்க வைப்பது, ஃபேனை ஓட்டுவது எல்லாம் போர்டின் வேலை. அதனால் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஸ்டவ் நன்றாக ஆறியதும் பிளக்கைப் பிடுங்கு. பின்பக்கம் தெர்மோஸ்டாட் வயர் வந்து சேரும் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். அந்த வயர்களைக் கழற்றிவிட்டு, ஒரு துண்டு வயரால் இரண்டு ஸ்க்ரூவையும் இணை. பிளக்கை மாட்டி, ஸ்டவ்வைத் தெர்மோஸ்டாட் மோடில் வைத்து ஆன் செய். மேனுவல் மோடில் வைத்துச் சோதித்தால் ஒன்றும் தெரியாது, அது தெர்மோஸ்டாட்டைக் கேட்காமலே எரியும். பற்றுவதற்குச் சில நிமிடம் ஆகும், பொறுமையாக இரு. எரிந்தால் போர்டு கூப்பிட்டால் வருகிறது என்று அர்த்தம். எரியாவிட்டால் ஹாப்பர் (பெல்லட் கொட்டும் தொட்டி) மூடி, காற்று இழுப்பைக் கவனிக்கும் வேக்யூம் ஸ்விட்ச்சின் ரப்பர் குழாய், சாம்பல் அடைத்த பர்ன் பாட் (பெல்லட் எரியும் கிண்ணம்), இக்னைட்டர் என்று பார்க்க வேண்டியது வேறு. நிற்கிறதா என்று பார்க்க, ஸ்டவ்வை அணைத்து ஆறவிட்டு, திரும்பவும் பிளக்கைப் பிடுங்கி அந்தத் துண்டை எடுத்துவிட்டு, மறுபடி பிளக்கை மாட்டி ஆன் செய். ஸ்க்ரூ இரண்டும் காலியாக இருக்கும்போது ஸ்டவ் எரியவே கூடாது. அப்போதும் எரிந்தால் போர்டைச் சந்தேகப்படலாம். ஒன்று, சில மாடல்களில் ஆட்டோ, ஹை-லோ என்று இரண்டு செட்டிங் உண்டு. ஹை-லோவில் இருந்தால் அது அணையாது, தணிந்துதான் எரியும். அதைக் கோளாறு என்று எண்ணாதே.

ஸ்டவ் பக்கம் சரி என்றால் அடுத்தது வயர். இரண்டு முனையும் எதிலும் தொடாமல் இருக்க, மீட்டரைக் கண்டின்யூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் செட்டிங்) வைத்து ஒரு முனையில் இரண்டு வயரையும் தொடு. பீப் அடித்தால் நடுவில் எங்கோ ஷார்ட். போன குளிரில் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாவின் ஸ்டவ் ராத்திரி முழுக்க நிற்காமல் எரிந்தது இதனால்தான். பேஸ்மென்ட் உத்தரத்தில் வயரை ஓட்டியவர் ஸ்டேப்ளர் பின்னைச் சரியாக அதன் நடுவில் இறக்கியிருக்கிறார். டார்ச் அடித்துப் பார்த்தபோது வெள்ளை உறையில் பின் பதிந்த இடம் மட்டும் பச்சையாகப் பூத்திருந்தது. அதற்குமுன் இரண்டு தெர்மோஸ்டாட் மாற்றிவிட்டார்களாம். பீப் வரவில்லையா? அப்புறம் தெர்மோஸ்டாட் முனையில் இரண்டையும் முறுக்கிவிட்டு ஸ்டவ் முனையில் அள. இப்போது ஓம் சைபரை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் வயர் அறுந்திருக்கிறது. புகைக்குழாய்ப் பக்கம் போகும் இடத்தையும், ஸ்க்ரூவுக்கு அடியில் தாமிரத்துக்குப் பதில் உறையையே கவ்வியிருக்கிறதா என்பதையும் பார்.

எனக்கு உண்மையான சந்தேகம் நீ நவம்பரில் மாட்டிய வைஃபை தெர்மோஸ்டாட் மேல்தான். அந்த ரகம் வீடு முழுவதையும் சூடாக்கும் ஃபர்னஸின் 24 வோல்ட் கண்ட்ரோலுக்காகச் செய்தது. தெர்மோஸ்டாட்டுக்குத் தொடர்ந்து கரண்ட் தரும் சி வயர் இல்லாவிட்டால் அந்த இரண்டு வயரிலிருந்தே கொஞ்சம் கரண்டைத் திருடித்தான் உயிர் வாழும். ஃபர்னஸ் அதைக் கண்டுகொள்ளாது. பல பெல்லட் ஸ்டவ்களில் அந்த ஸ்க்ரூக்களில் இருப்பது சில வோல்ட் சிக்னல், அவ்வளவுதான். திருட ஒன்றுமில்லாமல் தெர்மோஸ்டாட் மயங்கும், இல்லையென்றால் கசியும் கரண்டைப் பார்த்துப் போர்டு குழம்பும். நீ எழுதியிருக்கும் இரண்டு குணமும் இதில் வரும். பேட்டரியில் ஓடும் சாதா தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கி மாட்டிப் பார். வைஃபைதான் வேண்டும் என்றால் அதற்குத் தனியாக 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரும், நடுவில் இரண்டு பக்கத்துக் கரண்டும் கலக்காமல் பிரித்து வைக்கும் ஒரு ஐசொலேஷன் ரிலேயும் வேண்டும். அந்த 24 வோல்ட் ஸ்டவ்வின் ஸ்க்ரூவைத் தொடவே கூடாது. தொட்டால் அந்த டெக்னீஷியன் சொன்னது பலித்துவிடும்.

புதிதை மாட்டும்போது ஸ்விங்கை, அதாவது அணைவதற்கும் பற்றுவதற்கும் இடையிலான வித்தியாசத்தை, இரண்டு மூன்று டிகிரிக்கு வை. அரை டிகிரிக்கெல்லாம் அணைந்து பற்றினால் இக்னைட்டர் சீக்கிரம் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணுகிறேன். மீட்டர் என்ன காட்டியது என்று குறித்து வை, பின்பக்கத்தை ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பு. அம்மாவுக்கு என் நமஸ்காரம். ஏப்ரலில் வரலாம் என்று இருக்கிறோம், லீவு கிடைத்ததும் தேதி சொல்கிறேன்.

அன்புடன்,
ரகு