உயர்ந்த பனைகள் மேல் அரிவாள் வைக்கும் முன்

கடலோர ஊர்களின் நகர நிர்வாகங்களுக்கும் மரப் பராமரிப்பு ஒப்பந்ததாரர்களுக்கும்,

வணக்கம்.

கடற்கரைச் சாலைகளில் நிற்கும் முதிய பனை, தென்னை, வாஷிங்டோனியா (விசிறி ஓலை கொண்ட அயல்நாட்டுப் பனை வகை) மரங்களை அண்ணாந்து பார்த்து ரசிப்பவன் நான். சில மரங்கள் 30 மீட்டர், கிட்டத்தட்ட பத்து மாடி உயரம். அவ்வளவு உயரத்தை அந்த மெல்லிய தண்டுதான் தாங்குகிறது! தண்டின் வெளிப்புறத்தில் நார்க்கற்றைகள் நெருக்கமாக இருப்பதால் காற்றுக்கு வளைந்துவிட்டுத் திரும்ப நிமிர்கிறது.

ஆனால் இவை மற்ற மரங்களைப் போல ஆண்டுக்கொரு வளையம் போட்டுப் பருப்பதில்லை. அடித்தண்டில் உள்ள செல்கள் மரம் குட்டையாக இருந்த காலத்தில் உருவானவை. அவையேதான் இன்றும் நீரும் உணவும் கடத்துகின்றன. எனவே, தண்டில் பட்ட காயம் ஒருநாளும் மூடாது. ஆணி வைத்த காலணியோடு ஒருமுறை ஏறினாலே அத்தனை துளைகளும் மரம் சாகும்வரை அப்படியே இருக்கும். தயவுசெய்து ஆளை மேலே ஏற்றும் மேடை பொருத்திய வண்டியைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது மட்டை கழிப்பது. காய்ந்த மட்டை விழுந்தால் ஆபத்து, அதை எடுக்கத்தான் வேண்டும். பச்சை ஓலையையும் சேர்த்து வெட்டி, உச்சியில் நாலைந்தை மட்டும் விடுவது ஏன்? புயலைத் தாங்கும் என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சுற்றியிருக்கும் ஓலைகள்தான் குருத்துக்கு அரண். ஒற்றைத் தண்டு மரத்துக்கு இருப்பது ஒரே குருத்து. அது போனால் மரமே போச்சு. பழுக்கும் ஓலையிலிருந்து மரம் பொட்டாசியத்தை உறிஞ்சி இளம் ஓலைக்கு அனுப்புகிறது, அதையும் முன்கூட்டியே வெட்டிவிடுகிறோம். அப்புறம், புது வெட்டின் வாசனை சிவப்புக் கூன்வண்டை இழுக்கும். ஆசியாவிலிருந்து போய் 1990களில் ஸ்பெயினை எட்டிய இந்த வண்டு, மத்தியதரைக் கடலோரம் முழுக்க எத்தனையோ அழகான ஈச்ச மரங்களைச் சாய்த்துவிட்டது. பூஞ்சையால் வரும் வாடல் நோயும் ரம்பம் வழியாக ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்.

ஆகவே அடுத்த ஒப்பந்தத்தில் இதை எழுத்தில் சேருங்கள்: முழுக்கக் காய்ந்த மட்டையை மட்டுமே எடுக்க வேண்டும், மரத்துக்கு மரம் ரம்பத்தைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும், ஆணிக் காலணி கூடவே கூடாது. ஒரு முதிய மரத்தை அகற்றியே தீர வேண்டுமென்றால், குருத்தைச் சோதித்த அறிக்கையை முதலில் ஊர்மக்கள் பார்வைக்கு வையுங்கள். அந்த உயரத்துக்கு இன்னொரு மரம் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இப்படிக்கு,
இம்மரங்களை நேசிக்கும் ஒருவன்