கவிழ்த்து வைத்த விளக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். நீ அனுப்பிய கதையின் 11 அத்தியாயங்களையும், கடைசியில் சேர்த்திருந்த குறிகளின் பட்டியலையும் இரண்டு முறை படித்துவிட்டேன். அவற்றை அனுப்பிய பிறகு மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று உன் அம்மாவிடம் நானேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் கலகக்காரர்கள் மதிற்சுவரிலும் படகின் அடியிலும் கீறிவைக்கும் சித்திரக் குறிகள் எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. எழுதப் படிக்க யாரையும் விடாத ஓர் அரசை எதிர்ப்பவர்களுக்குப் படமே எழுத்தாகும் என்று நீ கண்டுகொண்டதை நினைத்துப் பெருமைப்பட்டேன். ஆனால் படகை வரைந்தால் படகு, சாவியை வரைந்தால் சிறை என்றிருந்தால் காவலர்கள் அதைப் படிக்க அதிக நாள் ஆகாது. பொருளைப் போலவே இருக்கும் படம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஊருக்கு ஊர் குறிகளை மாற்று. ஒரே குறியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த விடாதே. எந்தக் குறி அதிகமாக வருகிறது என்று எண்ணினாலே மறைமொழி அவிழத் தொடங்கிவிடும் என்பதை 9ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாதில் அல்-கிந்தி என்ற அறிஞர் எழுதிவைத்துவிட்டார்.

ஸ்காட்லாந்தின் மேரி அரசியை நினைத்துப் பார். 1586இல் இங்கிலாந்தில் சிறையிலிருந்த அவரும், எலிசபெத் அரசியைக் கொன்று அவரை விடுவிக்கச் சதிசெய்த ஆண்டனி பாபிங்டனும் எழுத்துகளுக்கும் முக்கியமான சொற்களுக்கும் தனித்தனிக் குறிகளை வைத்துக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அந்தக் குறிகளை நம்பியதால்தான், எதை எழுதக் கூடாதோ அதை எழுதினார்கள். அவற்றை அவிழ்த்த ஆங்கில அரசின் ஆள் தாமஸ் ஃபெலிப்ஸ் கடிதத்தின் மேல் ஒரு தூக்குமரத்தை வரைந்து மேலிடத்துக்கு அனுப்பினார். பாபிங்டன் அந்த ஆண்டே கொல்லப்பட்டார். மேரியின் தலை மறு ஆண்டு துண்டிக்கப்பட்டது. ஆகவே குறிகளை மாற்று என்று மறுபடியும் சொல்கிறேன். நான் சொல்லும் எதையும் நீ காதில் வாங்குவதில்லை என்றாலும் இதையாவது கேள்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் குறிகளை அவிழ்ப்பவன் ஒற்றன் அல்ல, படகோட்டும் பெண்ணின் தகப்பன் என்ற இடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன். பட்டியலில் கவிழ்த்து வைத்த விளக்குக்கு 'இந்த வீட்டில் தங்காதே' என்று பொருள் எழுதியிருக்கிறாய். அந்த விளக்கை எனக்கு முன்பே தெரியும், அம்மா. நீல நோட்டில் அதற்கு 'அப்பா கோபமாக இருக்கிறார்' என்று பொருள்.

உனக்கு அப்போது பத்து வயது. நீயும் உன் தோழியும் உண்டாக்கிய அந்தப் பட எழுத்தை நான் ஒரே இரவில் படித்துவிட்டேன். மறுநாள் வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது, அவளும் அங்கே உட்கார்ந்திருக்க, பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ அழவில்லை, நோட்டைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. செய்தது தப்பு என்று உன் அம்மா அன்றே சொன்னாள். விளையாட்டு என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். அந்த நோட்டில் மற்ற எல்லாக் குறிகளையும்விட அதிகமாக வந்தது அந்த விளக்குதான். அதை எண்ணித்தான் மற்றவற்றைப் பிடித்தேன். எத்தனை முறை வருகிறது என்று எண்ணினேனே தவிர, ஏன் அத்தனை முறை வருகிறது என்று இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

நோட்டு என் அலமாரியில்தான் இருக்கிறது. அதை நாளை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். மற்றக் குறிகளை மாற்றும்போது அந்த விளக்கை மாற்ற வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். பன்னிரண்டாம் அத்தியாயத்தை எழுதி முடித்ததும் அனுப்பு. முழுவதும் குறிகளாக இருந்தாலும் சரி, நீயாகச் சொல்லும்வரை அவிழ்க்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா