பயறு ஏற்றுமதியும் இரு நாட்டு ஆணைகளும்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, கடையையும் சரக்குக் கிட்டங்கியையும் தந்தையரிடமிருந்து ஏற்று நடத்தும் இளையவர்களே, அனைவருக்கும் வணக்கம். ரங்கூன் வாழ் தமிழ்ப் பயறு வணிகர்களாகிய நமது சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடியவுள்ள ஆண்டின் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சென்ற பொதுக்குழு என்னிடம் ஒப்படைத்தது ஒரே பணி: நம் சரக்கின் போக்கைத் தீர்மானிக்கும் அரசு ஆணைகளை, இந்த மியான்மர் நாட்டினுடையதையும் இந்தியாவினுடையதையும், தொடர்ந்து படித்து உறுப்பினர்களுக்கு உரிய காலத்தில் தெரிவிப்பது. ஆகவே இவ்வறிக்கையும் அதைப் பற்றியதாகவே அமைகிறது.

ஆண்டின் இறுதி வாரத்தில், மார்ச் 28 அன்று, சகாயிங், மாண்டலே பகுதிகளைக் குலைத்த நிலநடுக்கத்தில் உயிரிழந்தவர்களுக்குச் சங்கத்தின் அஞ்சலியைப் பதிவு செய்கிறேன். துவரை நமக்கு வருவது பெரும்பாலும் அந்த மேல் பர்மாவிலிருந்துதான் என்பதால், அங்குள்ள மண்டிக்காரர்களுடன் பாக்கிக் கணக்கு வைத்திருப்போர் இப்போதைக்கு நெருக்கிக் கேட்க வேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொள்கிறது.

நம் வணிகத்தின் தன்மையை இளையவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நாம் வீசை என்ற உள்ளூர் எடையில் வாங்கி, டன்னில் விற்று, டாலரில் ஒப்பந்தம் எழுதி, இந்நாட்டு நாணயமான கியாட்டில் லாபம் பார்ப்பவர்கள். பாசிப்பயற்றுக்குச் சீனமும் ஐரோப்பாவும் வாங்குவோராக உண்டு. உளுந்தும் துவரையும் அப்படியல்ல. இங்கே விளைகிறவற்றை இந்நாட்டு மக்கள் மிகக் குறைவாகவே உண்கிறார்கள், இந்தியா வாங்காவிட்டால் வேறு வாசல் ஏறக்குறைய இல்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பிய கடைக்கு அந்த வீட்டின் உள்விவகாரமும் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

2017 ஆகஸ்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். 5ஆம் தேதி துவரைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்றும், 21ஆம் தேதி உளுந்துக்கும் பாசிப்பயற்றுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்றும் இந்தியா இறக்குமதிக்கு வரம்பு கட்டியது. கிட்டங்கியில் சரக்கு தேங்கி, விலை சரிந்து, சிலர் தொழிலையே விட்டார்கள். அன்று அது இடி விழுந்தது போலத் தோன்றியது. ஆனால் பழைய செய்திகளைத் திரும்ப வாசிக்கையில், இடிக்கு முன்பே மேகம் தெரிந்திருந்தது என்றே எனக்குப் படுகிறது. 2015இல் அங்கே துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயை எட்டியது. அரசு ஆதரவு விலையை உயர்த்தியது. உழவர்கள் ஏராளமாக விதைத்தார்கள். 2016-17இல் அமோக விளைச்சல் கண்டு விலை ஆதரவு விலைக்கும் கீழே போனது. அதன்பின் வெளிநாட்டுச் சரக்கைத் தடுக்காமல் எந்த அரசாலும் இருந்திருக்க முடியாது. நாம் அந்த ஆண்டு ரங்கூன் விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதே கணக்கு 2021இல் எதிர்த்திசையில் ஓடியது. விலை ஏறவே, மே 15 அன்று துவரை, உளுந்து, பாசிப்பயறு மூன்றும் தடையற்ற இறக்குமதிக்கு வந்தன. பாசிப்பயறு மட்டும் 2022 பிப்ரவரியில் மீண்டும் கட்டுப்பாட்டுக்குள் போனது. 2021 ஜூனில் இரு நாடுகளுக்கிடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி 2021-22 முதல் 2025-26 வரை ஆண்டுதோறும் இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் இங்கிருந்து எடுப்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது. இது கொள்முதல் உத்தரவாதம் என்று நம்மில் பலர் நினைத்திருந்தனர். அரசு நம்மிடம் வாங்கிக்கொள்ளும் என்பதல்ல அதன் பொருள். தனியார் கொண்டுபோகும் அந்த அளவுச் சரக்கை உள்ளே விடும் என்பதுதான். விலையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இவ்வாண்டு சரக்கு உள்ளே போவதில் சிக்கல் இல்லை. போன பிறகு எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதில்தான் சிக்கல். 2024 ஜூன் 21 அன்று இந்தியா துவரைக்கும் கடலைக்கும் செப்டம்பர் 30 வரை இருப்பு வரம்பு விதித்தது. இறக்குமதியாளர் சுங்கத்தில் விடுவித்த சரக்கை 45 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் ஒரு கூறு. படிப்பதற்கு அது சென்னை, மும்பை வணிகருக்கான ஆணை, பலித்தது நமக்கு. வாங்குபவர் அவசரமாக விற்க வேண்டிய நிலையில் முன்கூட்டியே வாங்கிக் குவிக்கமாட்டார், விலை பேசும்போதே அந்த 45 நாளைக் கழித்துப் பேசுவார். இதோடு 2023 டிசம்பரிலிருந்து வரியின்றி வந்த மஞ்சள் பட்டாணியும் துவரையின் இடத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டது. இவ்விரண்டையும் விளக்கி நாம் தமிழிலும் பர்மியத்திலும் அனுப்பிய சுற்றறிக்கை காலத்தில் போய்ச் சேர்ந்தது. முந்தைய சுற்றறிக்கை தாமதமானது என் பிழை; அதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி உள்ளூர் நிலை. ஆட்சியைப் பற்றிப் பேசுவது இச்சங்கத்தின் வழக்கமன்று. அந்நியச் செலாவணி விதியைப் பற்றிப் பேசாமலும் இருக்க முடியாது. 2022 ஏப்ரல் 3 ஆணைக்குப் பின் ஏற்றுமதி டாலரை அரசு விலைக்கு மாற்றும் கட்டாயம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த விலை டாலருக்கு 2,100 கியாட் என்றும், மாற்ற வேண்டிய பங்கு 65 விழுக்காடு என்றும் ஆனது. 2023இல் அது 50க்கும் பின் 35க்கும் இறங்கி, 2024இல் 25க்கு வந்தது. இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். வெளியே டாலருக்கு 4,000 கியாட் என்று வைத்துக்கொண்டால், 65 விழுக்காட்டில் நம் கைக்கு வருவது 2,765, 35இல் 3,335, 25இல் 3,525. சரக்கு அதே, வாங்குபவர் அதே, ஒப்பந்த விலையும் அதே. உழவரிடம் நாம் கொடுக்கக்கூடிய விலையை மத்திய வங்கியின் ஒரே சுற்றறிக்கை இவ்வளவு நகர்த்துகிறது. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமற் போனதை நினைவுகூரும் பெரியவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிப்பில் நியாயம் இருக்கிறது.

பணம் வரும் வழியும் குறுகிவிட்டது. 2022 அக்டோபரில் பன்னாட்டு நிதிக் கண்காணிப்பு அமைப்பு (எஃப்.ஏ.டி.எஃப்.) இந்நாட்டைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. 2023 ஜூனில் இரண்டு அரசு வங்கிகள் மீது அமெரிக்கா தடை விதித்தது. பயற்றுக்கும் இவற்றுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆயினும் இடையிலுள்ள வங்கி ஒவ்வொரு பணவரவிலும் கூடுதல் கேள்வி கேட்கிறது, கப்பல் போய்ச் சேர்ந்த பிறகும் பணம் நடுவழியில் நிற்கிறது. 2024 ஜனவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கி வழியாகத் தொடங்கிய ரூபாய்க் கணக்கு முறை இதற்கு ஒரு மாற்று. டாலரே தேவைப்படாத அம்முறையைச் சிறு வணிகர்கள் இன்னும் தயங்கித்தான் பார்க்கிறார்கள். வந்த ரூபாயைக் கொண்டு என்ன வாங்குவது என்ற அவர்கள் கேள்விக்கு மருந்து, இயந்திர உதிரி இறக்குமதி செய்வோருடன் இணைந்துகொள்வதே என் விடை.

ஓர் உறுப்பினருக்கு நேர்ந்ததைப் பெயரின்றிப் பதிவு செய்கிறேன். எஸ்.க்யூ. எனப்படும் உயர்தர உளுந்து கப்பலேறிய பின் சந்தை விலை இறங்க, கடல் கடந்த கொள்வோர் ஈரப்பதத்தைக் காரணம் காட்டி, சரக்கைப் பெறுவதற்கான ஆவணங்களை வங்கியிலிருந்து எடுக்க மறுத்தார். பணத்துக்கு வங்கி பொறுப்பேற்கும் எல்.சி. என்ற கடனுறுதிக் கடிதம் இல்லை; ஆவணம் வந்தபின் பணம் என்ற வாய்மொழிப் பழக்கத்தில் நடந்த வியாபாரம் அது. தகராறு எங்கே தீர்க்கப்படும் என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லாததால், விலை குறைத்துக் கொடுத்து முடித்தார். இந்தியாவில் இறக்குமதிக்குத் திடீர்க் கட்டுப்பாடு வரும்போதும், முன்னரே திறந்த, திருத்த முடியாத எல்.சி. உள்ள சரக்குக்கே பொதுவாக விலக்குக் கிடைக்கும், அதுவும் உரிய நாளுக்குள் பதிவு செய்திருந்தால். சில அறிவிக்கைகளில் அந்த விலக்கும் இராது.

ஆகவே செயற்குழு ஒரு மாதிரி ஒப்பந்தப் படிவம் தயாரித்திருக்கிறது. அரசு ஆணையால் இறக்குமதி நின்றால் வழியிலுள்ள சரக்கு யாருடையது, தரச் சோதனை எந்தத் துறைமுகத்தில், வழக்கு எழுந்தால் சிங்கப்பூரில் நடுவர் தீர்ப்பு என்பன அதில் எழுதப்பட்டுள்ளன. பழைய வாடிக்கையாளரிடம் இவ்வளவு எழுதிக் கேட்பது முகத்துக்கு நேரே நம்பவில்லை என்பதாகும் என்று மூத்த உறுப்பினர் இருவர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களது கருத்து நடவடிக்கைக் குறிப்பில் இடம்பெற்றுள்ளது.

உடன்பாட்டின் ஐந்தாண்டு 2026 மார்ச்சுடன் முடிகிறது. துவரைக்கும் உளுந்துக்கும் இவ்வறிக்கை எழுதும்போதுள்ள ஆணைப்படி தடையற்ற இறக்குமதியும் அதே மார்ச் 31 வரைதான். அடுத்த உளுந்து அறுவடை கிட்டங்கிக்கு வரும் வேளையில் இரண்டு தேதிகளும் ஒன்றாக வருவதால், பிப்ரவரிக்குப் பின் ஏற்றும் சரக்குக்கு முன்பணமின்றி ஒப்பந்தம் எழுத வேண்டாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. இந்தப் பரிந்துரையையும் மாதிரிப் படிவத்தையும் பொதுக்குழு ஆராய்ந்து ஒப்புதல் அளிக்குமாறு வேண்டி இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
ரங்கூன்